திருவொற்றியூரில் ஒரு போணி

என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாளில் திருவொற்றியூருக்கு மெட்ரோ ரயில் கிடையாது. மீன் ஏற்றுகிற வேனில் ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் என்னை உட்கார வைத்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கல்யாணப் பட்டுப்புடவையில் கவிச்சி வாசனையோடுதான் நான் மலேசியாவில் இறங்கினேன். பக்கத்து சீட்டு அம்மாள் வழி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அதே விமான நிலையத்திலிருந்து ஒரே ரயில், நேராக எங்கள் ஊருக்கு. குளுகுளுவென்று இருக்கிறது. சீட்டு பளபளக்கிறது. மற்றவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு வயிற்றெரிச்சல். நான் இருந்த வரைக்கும் 28-ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்க வைத்துவிட்டு, நான் போன பிறகு இந்த ஊர் தனக்கு ரயில் வாங்கிக்கொண்டதே என்று இருந்தது. எதிரில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்தி, "ஏசியே வேலை செய்யல, கலீஜு" என்றாள். இறங்கிப் பஸ்ஸில் போடி என்று வாய் வரை வந்தது.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதால் எழுத்து சம்பந்தப்பட்ட எதுவும் என்னை ஏமாற்றிவிடும் என்று ஒரு எண்ணம். மெட்ரோ டிக்கெட் செல்போனுக்குள் ஒரு கட்டமாக வந்திருந்தது. போன் அணைந்தால் டிக்கெட்டும் அணைந்துவிடுமே என்று போனைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கை இடுப்புப் பைக்குள் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கு ஒருமுறையாவது தொட்டிருப்பேன்.

தேரடியில் இறங்கி, பயந்தபடியே தப்பான பக்கம் படியிறங்கிவிட்டேன். எங்கள் தெரு ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் கண்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றை ஒன்று ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. பெட்டியும் கையுமாக நின்றேன். பூ விற்கிற அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாம்மா, ஊருக்குப் புச்சா? மேலயே ஏறி அந்தாண்ட எறங்கு. இப்டி ரோட்ல வுயுந்தா சட்னிதான்" என்றாள்.

ஊருக்குப் புதுசா என்று என்னைக் கேட்கிறாள். இந்தத் தேரடியில் தேர் வடத்தைப் பிடித்து இழுத்தவள் நான். சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் வேறு யாருக்கோ மல்லி முழம் போட ஆரம்பித்துவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறினேன்.

குப்பத்தில் எங்கள் வீடு அப்படியேதான் இருக்கிறது. கடல்தான் கிட்ட வந்திருக்கிறது. அலை ஏறாமல் இருக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா வாசலில் நின்றிருந்தாள். முட்டி தேய்ந்து, கால் வில்லாக வளைந்திருந்தது.

"வாம்மா. வயில ஒண்ணும் கஷ்டம் இல்லியே?" என்றாள்.

வாம்மா! என் அம்மா என்னை வாம்மா என்று கூப்பிட்டதே இல்லை. தரையில் உட்காரப் போனேன். "ஐயே, கீய குந்தாதம்மா. உனுக்கு பயக்கம் வுட்டுப் பூட்ருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரலை மாற்றினாள். "ஏய் பேமானி! நாற்காலி எட்தாரச் சொல்லணுமா? கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"தோ வந்துகினுதான கீறேன், சும்மா கத்தாத. நீ மாத்தர துன்னியா மொதல்ல?" என்று ஒரு பெண் நாற்காலியோடு வெளியே வந்தாள்.

அவள்தான் அமுலு. போனில் குரல் கேட்டிருக்கிறேன். எண்ணூர்க்காரி. அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தால் கூடையை வண்டியில் ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டவள். வருஷக் கணக்காகி இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். புருஷன் ஹார்பரில் டிரைலர் ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அவள் போட்டிருந்த நைட்டியைப் பார்த்தேன். நீலமும் பழுப்புமாகப் பூ அச்சிட்ட, மலேசியாவின் பாத்தேக் துணி. அம்மாவுக்கு என்று மலேசியாவில் நான் இருக்கிற கிள்ளானில் கடை கடையாக ஏறி வாங்கி அனுப்பியது.

"நல்லா கீதாக்கா? ம்மாதான் தச்சிக்கோன்னு குட்துச்சு" என்றாள்.

அவள் என் அம்மாவை ம்மா என்றாள். எங்கள் பக்கத்தில் வயசான பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மதியம் மீன் குழம்பு. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அதே புளி, அதே மாங்காய், கடைசியில் பச்சையாகக் கசக்கிப் போடுகிற கறிவேப்பிலை உட்பட எல்லாம் அதேதான். கிள்ளானில் இத்தனை வருஷமாக நான் வைக்கப் பார்த்து வராத குழம்பு அது. "ஒன் கையி ராசி அப்டியேம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் எங்க வச்சேன்? முட்டி வலிக்குது, அடுப்பாண்ட நிக்க முடில. இவதான் வச்சா" என்றாள் அம்மா. "காரம் கம்மியா போடச் சொன்னேம்மா, உனுக்கு ஒத்துக்கணுமே."

அமுலு என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். நடுத்துண்டு.

அன்று சாயந்திரம் வரை இதேதான். அமுலுவைப் பேமானி, சோமாரி, தண்டம் என்று அம்மா வாய் ஓயாமல் திட்டினாள். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். என்னிடம் மட்டும், "டீ குடிம்மா", "ஃபேன் காத்து வருதாம்மா", "படுக்கறியாம்மா". சின்ன வயசில் அந்த வசவெல்லாம் என் பெயராக இருந்தவை. இப்போது எனக்குக் கிடைத்தது நாற்காலியும் மரியாதையும்.

மறுநாள் காலை நான் பழக்க தோஷத்தில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மலேசியாவில் அப்படித்தான் கேட்போம். அமுலு வாயைப் பொத்திச் சிரித்தாள். "நாஷ்டாவா கேக்குறீங்கக்கா? சாமியாரு மாறி கேக்குறீங்க." இட்லிக்கு வடகறி வாங்கி வந்திருந்தாள். கிள்ளானில் காலையில் எங்கே போனாலும் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் கிடைக்கும். வடகறிக்கு எங்கே போவது? மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே நிறையச் சாப்பிட்டேன்.

பிறகு மார்க்கெட்டுக்குப் போனோம். நான் ஊருக்கு வந்ததே அதற்காகத்தான். "எடத்த மாத்தி வுடப்போறேன். நீ வந்தே ஆவணும், நீ இல்லாம ஆவாது" என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். கடை வைத்திருக்கிறவள் நான், வியாபாரத்தை விட்டு வருவது கஷ்டம். போர்ட் கிள்ளானில் காலை வேளையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறேன். ஆனாலும் நீ இல்லாமல் ஆகாது என்று அம்மா சொன்னதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த இடத்தை என் கையில் கொடுத்து, யாருக்குக் கொடுக்கலாம் சொல்லு என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மீன் மார்க்கெட்டில் சிமெண்ட் மேடை மேல் ஒருத்தி சம்மணம் போட்டு உட்காரும் அகலம். முன்னால் ஒரு தட்டு, பக்கத்தில் அருவாமனை, தலைக்கு மேல் ஒரு பல்பு. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அம்மாவுக்குப் பிறகு பெண், பெண் இல்லாவிட்டால் மருமகள் என்று வரிசையில் இருக்கிற பெண்கள் ஒத்துக்கொண்டு நடப்பது. அந்த மேடைக்குக் கீழே சாக்கு விரித்து என்னைத் தூங்க வைத்திருக்கிறாள் அம்மா. தண்ணீர் சொட்டி விழித்தால் தட்டு ஓரத்திலிருந்து மீன்கள் கண்ணை மூடாமல் என்னைப் பார்க்கும்.

பக்கத்து இடம் கோவிந்தம்மாவுடையது. அம்மாவுக்கு நாற்பது வருஷ சண்டைக்காரி, அதனாலேயே தோழி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மலேசியாக்காரி வந்துட்டியா? இன்னாடி இம்மாம் பெருசா ஆய்ட்டே. ஒங்கம்மா சொல்லிச்சா, நாளான்னிக்கு நீதான் போணி."

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"அமுலு எண்ணூர்ப் பொண்ணு. இந்த ஊரு இல்ல, உங்க வூடும் இல்ல. அவ குந்தணும்னா, பெத்த பொண்ணு வந்து அவ கையால மொத மீன வாங்கணும். வாங்கிட்டா எடம் அவுளுது. இல்லன்னா நாள பின்ன நீயோ உன் மருமவளோ வந்து 'எங்க வூட்டு எடம்'னு மல்லுக்கு நிப்பீங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?"

அப்போதுதான் விளங்கியது. அம்மா என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டது இடத்தைக் கொடுப்பதற்கு இல்லை, யாருக்கு என்று கேட்பதற்கும் இல்லை. அதெல்லாம் முடிவாகிவிட்டது. என்னை வாடிக்கைக்காரியாகக் கூப்பிட்டிருக்கிறாள். நான் ஒரு மீனை வாங்கிக்கொண்டு நகர வேண்டும்.

அம்மா தட்டில் ஐஸைப் பரப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உனுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லியேம்மா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

எனக்கு அந்த இடம் வேண்டுமா? வேண்டாம். நாளைக்கே கொடுத்தாலும் உட்கார முடியாது. என் மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். நாசி லெமாக் கடையை மூடும்மா, மானம் போகிறது என்கிறார்கள். நான் எழுந்தால் அந்த மேசையை மடித்து ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கோ எழுவதற்கு முன்பே உட்கார ஆள் இருக்கிறது. அதுவும் பொறாமைதான். அமுலு மேல் எவ்வளவோ, அம்மா மேலும் அவ்வளவு.

சாயந்திரம் அமுலு என்னை அத்தோ சாப்பிடக் கல்மண்டபம் பக்கம் அழைத்துப் போனாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப்பு. கிள்ளானில் மீ கோரெங் என்று ஒன்று உண்டு, சட்டியில் பிரட்டிய மஞ்சள் நூடுல்ஸ். அது அங்கே நல்ல சாப்பாடு. ஆனால் பிசைகிற கையின் ருசி அதில் வராது. இரண்டாவது தட்டு வாங்கினேன்.

அமுலு சூப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "அக்கா, ஒன்னு கேக்குறேன், கோச்சிக்காத. உனுக்குப் புடிக்கலன்னா வேணாம். சொல்லிடு. நீ வாங்காம நான் குந்த மாட்டேன்."

"வாங்கலைன்னா என்ன பண்ணுவே?"

"இன்னா பண்றது? மின்ன மாறி கூடையத் தூக்கிக்கினு மாதவரம் பக்கம் தெருத்தெருவா போவேன். கய்த்துதான் போச்சு. டாக்டரு எலும்பு தேஞ்சிக்கீது, தலைல வெயிட்டு வைக்காதன்னாரு. வைக்காம வவுறு ரொம்புமா?" என்று சிரித்தாள். திரும்பும்போது கவனித்தேன், கழுத்தைத் தனியாகத் திருப்ப அவளால் முடியவில்லை. உடம்போடு சேர்த்துத் திரும்புகிறாள்.

நல்ல பெண்தான். அதுதான் எனக்குத் தொந்தரவு. திருட்டுத்தனம், இரட்டை நாக்கு என்று ஏதாவது ஒன்று அவளிடம் அகப்பட்டால் போதும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேடலில்தான் அடுத்த நாள் "உங்க ஊரைக் காட்டு" என்று அவளோடு எண்ணூருக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். விரைவுச் சாலை என்று பெயர்ப் பலகை சொன்னது. பலகையைத் தவிர விரைவு எங்கேயும் இல்லை. ஹார்பருக்குப் போகிற, வருகிற டிரைலர்கள் வரிசையாக எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தன. டிரைவர்கள் கீழே இறங்கிப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எங்கள் ஆட்டோ இருமிவிட்டு நின்றது.

ஆட்டோக்காரர் இறங்கி அதை ஒரு உதை உதைத்தார். "எறங்குங்கம்மா, பூடுச்சு."

இரண்டு பக்கமும் வீடு உயரத்துக்கு லாரி. புழுதி. வெயில். பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். இங்கேயே நசுங்கிச் செத்தால் கிள்ளானுக்குத் தகவல் போக எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அமுலு ஒரு டிரைலரின் கதவை ஓங்கித் தட்டினாள். "யோவ் மாமு! எண்ணூரா?"

மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அட, நம்ம முருகன் சம்சாரம்! ஏறு தங்கச்சி. யாரு கூட?"

"எங்கக்கா. மலேசியா."

எங்கக்கா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

டிரைலரில் ஏறுவது பனை மரம் ஏறுவது போல. அமுலு பின்னாலிருந்து தள்ளினாள். மேலே உட்கார்ந்த பிறகு பார்த்தால், ஊரே கீழே கிடந்தது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கம்பெனிச் சுவர்கள், தூரத்தில் புகைபோக்கிகள்.

"மலேசியால கண்டெய்னர் ஜாம் இல்லியாக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"இருக்கு. ஆனா வரிசைல போவும்."

"இதுவும் வரிசதான். போவல, அவ்ளோதான்."

முன்னால் நின்ற வண்டியின் நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே நிறப் பெட்டிகள்தான் போர்ட் கிள்ளானில் என் கடை முன்னாலும் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிகள் அங்கேயும் இங்கேயும் போய் வந்துகொண்டு இருக்கின்றன. அவற்றை யாரும் ஊருக்குப் புதுசா என்று கேட்பதில்லை.

முகத்துவாரத்தில் இறக்கிவிட்டார். ஆறு கடலைச் சேர்கிற இடம். இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து பெண்கள் வரிசையாக நின்று, குனிந்து, அடிச் சேற்றில் கையைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததை வாயில் கவ்விய பனை ஓலைப் பறியில் போடுகிறார்கள். அமுலுவும் கல்யாணத்துக்கு முன் அதைச் செய்தவளாம்.

"அப்ப அரை நாள் நின்னா பறி ரொம்பும். இப்ப நாள் முச்சூடும் நின்னாலும் அடி காணாது. தண்ணி கெட்டுப் பூட்ச்சு, ஒடம்பெல்லாம் அரிக்கும்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. பஸ் வராது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

தண்ணீரில் நின்ற ஒரு பெண் நிமிர்ந்து கத்தினாள். "இன்னாடி அமுலு, எடம் கெட்ச்சுதா?"

"நாளிக்கு!" என்று இவள் கத்தினாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "அநேகமா" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் தெரிந்த பிறகு மனசு இளகியிருக்க வேண்டும். இளகியது, ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவளுக்கு ஆற்றங்கரையிலும் கூப்பிட ஆள், லாரியிலும் கூப்பிட ஆள், என் வீட்டிலும் திட்ட ஆள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. திரும்பும்போது ரயிலில் வந்தோம். அவள் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

போணி நாள். விடிவதற்கு முன்பே அமுலு தனியாகக் காசிமேடு போய் ஏலம் எடுத்து வந்துவிட்டாள். நானும் அம்மாவும் நேராக மார்க்கெட்டுக்குப் போனோம். மேடையைக் கழுவி, மஞ்சள் தெளித்து, கற்பூரம் காட்டியிருந்தார்கள். அமுலு அம்மாவின் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பச்சைப் புடவை, தலை நிறையப் பூ. முந்தானையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். அம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அந்த மேடையில் இல்லாமல் அவளை மார்க்கெட்டில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. சின்னதாகத் தெரிந்தாள்.

வரிசை முழுக்கப் பெண்கள் தங்கள் வியாபாரத்தைத் தொடங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மா அருவாமனையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வா பாப்பா, ஆரம்பி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

தட்டில் சங்கரா அடுக்கியிருந்தது. போணிக்குச் சிவப்பு மீன் நல்லது என்பார்கள். ஒன்றை எடுத்தேன். செவுளை விரித்துப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. வயிறு கெட்டி. நல்ல மீன். குறை சொல்ல இடமே இல்லாத மீன்.

"எவ்ளோ?" என்றேன்.

அமுலு விலை சொன்னாள். நியாயமான விலை. அப்போது அம்மா, என் அம்மா, கையை நீட்டி அமுலுவின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

கிள்ளான் பசார் சந்தையில் மீனை எடுப்போம், பார்ப்போம், விலை கேட்போம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவோம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கைப் பழக்கமா, அல்லது முதுகைத் தட்டிய அந்தக் கையைப் பார்த்ததாலா, இன்றுவரை எனக்கே தெரியாது. நான் மீனைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன்.

போணி நேரத்தில் எடுத்த மீனைக் கீழே வைக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கும் தெரியும் அது. அந்த மேடைக்குக் கீழே தூங்கி வளர்ந்த எனக்குத் தெரியாதா? அமுலு தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தம்மா, "ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

அம்மா எழுந்தாள். அந்த முட்டியோடு எப்படி அவ்வளவு வேகமாக எழுந்தாள் என்று தெரியவில்லை.

"அடியே கஸ்மாலம்! போணில மீன கீய வைக்கிறியே, கை இன்னா அவிஞ்சா பூட்ச்சு? விமானத்துல போய் வந்தா அறிவு ஆகாசத்துலயே நின்னுக்கிச்சா? மூதேவி! வெள்ளிக்கெயம அதுவுமா எம்பொண்ணு வயித்துல அடிக்கிறியேடி! எடுடி அத்த! எடுடின்றேன்! மொகரையப் பாரு, நாலு வயசுல வாள மீன் துண்டு திருடித் துன்னுட்டு முய்ச்சியே, அதே மொகரை!"

எடுத்தேன். அவள் 'எம்பொண்ணு' என்றது அமுலுவைத்தான். காதில் விழுந்தது. ஆனால் கஸ்மாலம் என்றது என்னை. மூதேவி என்றதும், திருட்டு முழி என்றதும் என்னைத்தான். வாம்மா போம்மா எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. மார்க்கெட் முழுக்கப் பார்க்க, பேரன் எடுக்கிற வயசில், திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"சிரிக்கிறா பாரு, சொரண கெட்டவ! துட்ட எட்றி!"

பணத்தை இரண்டு கையாலும் அமுலுவிடம் நீட்டினேன். பேரம் பேசவில்லை. "அமுலு, நல்லா வெட்டிக் குடு. உன் எடம், உன் போணி. நல்லா நடக்கணும்" என்றேன். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். சொன்ன நேரத்தில் அதில் பொய் இல்லை. சாயந்திரம் திரும்ப வயிறு எரியலாம். அது வேறு.

அவள் பணத்தைக் கண்ணில் ஒற்றி, தட்டைச் சுற்றி மீன்கள் மேல் காட்டி, மடியில் முடிந்துகொண்டாள். கோவிந்தம்மா அருவாமனையை நிமிர்த்தி வைத்து, "அப்பாடா, பூசை முட்ஞ்சுதா? ஆரம்பிங்கடி!" என்றாள். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் கூவ ஆரம்பித்தது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதி கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. நல்ல வேளை, இருந்தது.

அமுலு மீனின் செதிலை எடுத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா."

"என்ன?"

"இத்தினி வருசத்துல என்னிய கஸ்மாலம்னு மட்டும் ஒருவாட்டிகூடச் சொன்னதில்ல தெரியுமா?"

கழுத்தைத் திருப்ப முடியாமல், மீனைப் பார்த்தபடியே சொன்னாள். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அதுதான்.

அன்று மத்தியானம் அந்தச் சங்கராவை அமுலுதான் குழம்பு வைத்தாள். காரம் குறைக்கவில்லை. அம்மா என்னைத் தரையில் உட்கார வைத்து, "துன்னுடி, வேஷம் போடாத" என்று போட்டாள். சாயந்திரம் கருவாட்டுப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் திணித்து அனுப்பினார்கள். தேரடியில் இந்த முறை சரியான பக்கம் ஏறினேன். பூக்காரம்மா, "கெளம்பிட்டியா?" என்றாள். முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டேன்.

ரயிலில் கூட்டம். என் கையில் மீன் வாசனை, பெட்டியில் கருவாட்டு வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். சென்ட்ரல் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அதுவரை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.